பிரிஸ்டல் பேருந்தும் பம்பாய்த் தறியும்

'பணியிடப் பன்முகத்தன்மை' என்று இன்று எல்லாப் பெருநிறுவனங்களும் பேசுகின்றன. புலம்பெயர்ந்து வந்தவர்களுக்கு வேலை கொடுப்பது ஏதோ முதலாளிகளின் பெருந்தன்மை என்பதுபோல நமக்குச் சொல்லப்படுகிறது. அந்தக் கதவு உண்மையில் எப்படித் திறந்தது என்று தெரிந்துகொள்ள, 1963-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் நடந்ததைப் படிக்க வேண்டும்.

போருக்குப் பிந்தைய பிரிட்டனில் ஆள் பற்றாக்குறை. கரீபியத் தீவுகளிலிருந்தும் இந்தியா, பாகிஸ்தானிலிருந்தும் உழைப்பாளர்கள் வந்தார்கள். அரசுக்குச் சொந்தமான பிரிஸ்டல் ஆம்னிபஸ் நிறுவனத்துக்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஆனால் கறுப்பினத்தவர்களும் ஆசியர்களும் பணிமனையிலும் கேன்டீனிலும் குறைந்த கூலிக்கு உழைக்கலாம்; ஓட்டுநராகவோ நடத்துநராகவோ ஆக முடியாது. தொழிற்சங்கத்தின் உள்ளூர்க் கிளையே 1955-இல் அப்படித் தீர்மானம் போட்டிருந்தது. தங்கள் ஓவர்டைம் வருமானம் குறைந்துவிடும் என்று வெள்ளைத் தொழிலாளர்கள் பயந்தார்கள்.

பால் ஸ்டீபன்சன் என்ற இளைஞர் நல ஊழியர், கை பெய்லி என்ற இளைஞருக்கு நேர்காணல் ஏற்பாடு செய்தார். அவர் ஜமைக்காக்காரர் என்று தெரிந்ததுமே நேர்காணல் ரத்தானது. ஏப்ரல் 30 அன்று பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. மறுநாளே பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்வலமாகச் சென்றார்கள். நான்கு மாதப் போராட்டத்துக்குப் பிறகு, ஆகஸ்ட் 28 அன்று நிறுவனம் பணிந்தது. செப்டம்பரில் ரக்பீர் சிங் என்ற சீக்கியர், வெள்ளையர் அல்லாத முதல் நடத்துநரானார்.

இது நமக்குப் புதிதல்ல. கொங்கண் கிராமங்களிலிருந்து பம்பாய் ஆலைகளுக்குப் பிழைக்க வந்த நம் மக்களுக்கு நூற்புப் பிரிவில் வேலை கிடைத்தது. கூலி அதிகமான நெசவுப் பிரிவில் கிடைக்கவில்லை. அங்கே நூலை வாயால் உறிஞ்சி நாடாவில் கோக்க வேண்டும், எச்சில் பட்டால் தீட்டு என்றார்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இந்தக் கேள்வியைச் செங்கொடித் தலைவர்களிடமே எழுப்பினார். வர்க்க ஒற்றுமை பேசிய சங்கங்கள் இரண்டு ஊர்களிலும் இந்தத் தடையோடு சமரசம் செய்துகொண்டிருந்தன.

பிரிட்டனில் 1965-இல் வந்த இன உறவுச் சட்டம் பொது இடங்களை மட்டுமே தொட்டது. வேலைவாய்ப்பைச் சேர்க்க 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிறுவனங்களின் பன்முகத்தன்மைக் கொள்கைகள் எல்லாம் இவற்றுக்குப் பிறகு வந்தவை. முதலில் போராட்டம், பிறகு சட்டம், கடைசியில்தான் கொள்கை.

சட்டம் பெயர் சொல்லாத ஒடுக்குமுறை கொள்கையிலும் இடம்பெறாது. புலம்பெயர்ந்தவர்களோடு சாதியும் கடல் கடந்து போனது. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வேண்டும் என்று 2013-இல் நாடாளுமன்றம் அரசைக் கடமைப்படுத்தியது. 2018-இல் அரசு அதைச் செய்யப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது. 2023-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதையும் அங்கிருந்த தலித் அமைப்புகள் போராடித்தான் பெற்றன.

ஆகவே தோழர்களே, ஒரு நிறுவனம் தன் பன்முகத்தன்மைக் கொள்கையை நீட்டும்போது நாம் மூன்று கேள்விகள் கேட்போம். அதில் சாதி என்ற சொல் இருக்கிறதா? நம்மவர்கள் எந்த வேலையில் இருக்கிறார்கள், எந்த வேலையில் இல்லை? மீறினால் யாரிடம் முறையிடுவது? இவற்றுக்குப் பதில் இல்லையென்றால் அது வெறும் சுவரொட்டிதான்.