பாஹ் வந்த வழி

திருவண்ணாமலையில் இளையராஜா என்றதும் நினைவுக்கு வருவது ‘ரமண மாலை’. ரமணரின் அடியாராக அவர் இந்த ஊருக்கு வந்து போவதை எல்லோரும் அறிவார்கள். அந்தப் பாடல்களுக்கு ஆசிரமத்துப் பக்கம் தனி அன்பு உண்டு. அதே மனிதர் 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ என்ற தொகுப்பைப் பற்றி இங்கே பேசுவோர் குறைவு. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. பாட்டு வரிகளே இல்லாத அந்தத் தொகுப்பை அவர் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை ஜோஹன் செபாஸ்டியன் பாஹுக்கும் காணிக்கையாக்கினார்.

அதன் பிறப்பை 1986-இல் தொடங்கினால் பாதிக் கதை விட்டுப்போகும். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் வாசித்த வயலினைக் கற்று, நம் கச்சேரிக்குள் கொண்டுவந்து ஏறக்குறைய 200 ஆண்டுகள் ஆகின்றன. பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்த இளையராஜா, மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைப் பயின்றார். பாஹ் அவருக்கு அறிமுகமானது அங்கேதான். இன்னொரு பக்கம் டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக சங்கீதம்.

பிரேசிலின் போசா நோவா இசை வெளியூர் போன கதையை இதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. அமெரிக்க கிதார் கலைஞர் சார்லி பர்ட் 1961-இல் பிரேசில் போய் அந்த இசையில் மயங்கித் திரும்பினார். 1962 பிப்ரவரி 13 அன்று, வாஷிங்டனில் ஒரு தேவாலயத்துக் கூடத்தில், சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸோடு ‘ஜாஸ் சம்பா’வை ஒரே நாளில் பதிவு செய்தார். வாசித்த ஒருவரும் பிரேசில்காரர் இல்லை. மறு ஆண்டே அது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. இனிமையான தொகுப்பு, ஆனாலும் பயணம் போய்வந்தவரின் உற்சாகம்தான் அதில் அதிகம் கேட்கிறது.

இளையராஜாவின் தொகுப்பில் வாசித்த சென்னைக் கலைஞர்களின் நிலை வேறு. ரெக்கார்டிங் தியேட்டரில் காலையில் கையில் வரும் நொட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பது அவர்களுக்கு அன்றாடப் பிழைப்பு. காதல் காட்சிக்கும் சண்டைக் காட்சிக்கும் வாசித்து வாசித்தே மேற்கத்திய ஒத்திசைவு அவர்கள் கையில் படிந்திருந்தது. ‘ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்’ கேட்டால் இது விளங்கும். பாஹ் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டீட்டாவின் தொடக்கப் பகுதி அதில் வருகிறது. 1720-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதியில் இருக்கும் படைப்பு அது. மூச்சுவிடாமல் ஓடும் அந்தச் சுரங்களின் மேல் நம் பாணி வயலின் கமகங்களோடு நெளிந்து வருகிறது. பாஹின் ஒரு சுரத்துக்கும் இடைஞ்சல் இல்லை. நம் வயலினும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. தொகுப்பின் முதன்மை வயலின் வி. எஸ். நரசிம்மனுடையது. அவர் வில்லின் நிதானத்துக்காகவே இதைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம்.

தொகுப்பை அதன் அடுத்த இடத்துக்கு அழைத்துப் போனவர் இயக்குநர் பாலு மகேந்திரா. பாடல்களே இல்லாத ‘வீடு’ (1988) படத்தின் பின்னணிக்கு இந்த இசையை எடுத்துக்கொண்டார். சொந்தமாக ஒரு வீடு கட்டப் படாதபாடு படும் சுதாவாக அர்ச்சனா, தாத்தாவாக சொக்கலிங்க பாகவதர். செங்கலும் சிமென்ட்டும் கடன் கவலையுமாக நகரும் வாழ்க்கைக்கு இந்த வயலின்கள் எப்படிப் பொருந்தின என்பது இன்றும் வியப்புதான். படத்துக்காக எழுதாத இசை, அந்தத் தாத்தாவின் முகத்தோடு அப்படி ஒட்டிக்கொண்டது.

நரசிம்மன் அங்கே நிற்கவில்லை. பின்னாளில் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் என்ற குழுவை அமைத்தார். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. ராகம் சிதையாமல் ஒத்திசைவு எழுதி, கர்நாடகக் கீர்த்தனைகளை அந்த நால்வர் அணிக்குக் கொண்டுவந்தார்.