ஜேர்மனிய நகரங்களின் இரட்டைப் பெயர்கள்

ஜேர்மனியின் ரைன் நதிக்கரையில் அமைந்துள்ள பெருநகர் ஒன்றை ஆங்கிலேயர் கொலோன் என அழைப்பர். அந்நகர மக்களோ கேல்ன் என்பதை ஒத்த ஒலியில் அதனைக் குறிப்பிடுகின்றனர். புகையிரத நிலையப் பலகையிலும் அந்த ஜேர்மன் பெயரே காணப்படும். நம்மவர் பலர் ஜேர்மனியில் வாழ்கின்ற இன்றைய நிலையில், உறவினரைத் தேடிச் செல்லும் முதியவர் ஒருவருக்கு இவ்விரு பெயர்களும் ஒரே ஊருக்குரியவை என்பது தெரிந்திருத்தல் அவசியமாகும்.

ஆங்கிலேயர் உச்சரிக்கத் தெரியாது சிதைத்த பெயரே கொலோன் என்று எண்ணுவது தவறு. கி.பி. 50 ஆம் ஆண்டில் ரோமப் பேரரசர் குளோடியஸ் இவ்வூருக்குக் 'கொலோனியா', அதாவது குடியேற்ற நகர், என்னும் தகுதியை வழங்கினார். அந்த இலத்தீன் சொல் ஜேர்மன் மொழியில் ஒருவிதமாகவும் பிரெஞ்சு மொழியில் வேறொருவிதமாகவும் சுருங்கியது. பிரெஞ்சு வடிவத்தையே ஆங்கிலம் ஏற்றுக்கொண்டது. 1709 ஆம் ஆண்டில் இத்தாலியரான பரீனா அந்நகரில் தயாரிக்கத் தொடங்கிய வாசனைத் திரவியமும் 'கொலோன் நீர்' என்ற பிரெஞ்சுப் பெயரையே பெற்றது. நம் வீடுகளில் நன்கறியப்பட்ட ஓடிகொலோன் அதுவேயாகும்.

பவேரியாவின் தலைநகரான மியூனிக்கின் நிலையும் இத்தகையதே. 1158 ஆம் ஆண்டு ஆவணமொன்றில் இடம்பெறும் அதன் ஜேர்மன் பெயரான மூன்ஷென், துறவியரைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. இத்தாலியரோ இந்நகரைப் 'பவேரியாவின் மொனாக்கோ' என்கின்றனர். அங்குள்ள புகழ்பெற்ற உதைபந்தாட்டக் கழகத்தை ஆங்கில ஊடகங்கள் 'பயேர்ன் மியூனிக்' எனக் குறிப்பிடுகின்றன. இதில் முற்பாதி ஜேர்மன், பிற்பாதி ஆங்கிலம்.

எனினும், ஆங்கிலப் பெயர்கள் யாவும் நிலைத்துவிடவில்லை. 1748 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் சென்னையை ஆங்கிலேயரிடம் மீள ஒப்படைக்க வழிசெய்த எக்ஸ்-லா-சப்பேல் உடன்படிக்கையை வரலாற்று மாணவர் அறிவர். அவ்வூரை இன்றைய ஜேர்மனிய வரைபடத்தில் தேடினால், ஆஹென் என்ற பெயரையே காணலாம். ரெகன்ஸ்பேர்க்கைக் குறித்த ரட்டிஸ்பன் என்ற பெயரும் வழக்கொழிந்துவிட்டது. பெருநகரங்களின் பழைய பெயர்கள் அன்றாடப் பயன்பாட்டினால் நிலைத்தன. ஏனையவை வரலாற்று நூல்களுக்குள் ஒதுங்கின. ஹனோவர் என்ற பெயரை ஆங்கிலேயர் ஒற்றை 'என்' எழுத்துடன் எழுதுவது வழக்கம். ஆயினும் அங்கு நடைபெறும் உலகப் புகழ்பெற்ற தொழிற்றுறைக் கண்காட்சி, ஆங்கிலத்திலும் ஜேர்மன் முறைப்படி இரட்டை 'என்' எழுத்துகளையே கையாளுகின்றது.

பம்பாய் 1995 இல் மும்பையாகவும், மெட்ராஸ் 1996 இல் சென்னையாகவும் மாற்றப்பட்டன. மியூனிக்கும் கொலோனும் ஏன் மாற்றப்படவில்லை என்று சிலர் வினவக்கூடும். அந்த இந்திய நகரங்களின் ஆங்கிலப் பெயர்கள் அந்நிய ஆட்சியின் எச்சங்களாகக் கருதப்பட்டன. ஜேர்மனிய நகரங்களின் ஆங்கிலப் பெயர்களோ ஆதிக்கத்தினால் திணிக்கப்பட்டவையல்ல. வணிகத்தாலும் அயலுறவாலும் விளைந்தவை. ஆங்கிலத்தில் எழுதும்போது அந்நகர நிர்வாகங்களே அவற்றைக் கையாளுகின்றன. ஆகவே ஆங்கிலத்தில் மியூனிக் என எழுதுவது பிழையுமன்று, அவமதிப்புமன்று.

ஆனால், ஆங்கிலேயருக்குப் பொருந்துவது நமக்கும் பொருந்துமா என்பதே சிந்திக்க வேண்டிய விடயம். அவர்களது பெயர்கள் அவர்களது வரலாற்றில் விளைந்தவை. நாமோ செய்திகளை ஆங்கிலத்தின் வழியே பெறுவதனால் மட்டும் அவற்றை இரவல் வாங்கியுள்ளோம். தமிழில் வேரூன்றிவிட்ட மியூனிக், கொலோன் போன்றவற்றை இனி மாற்றுவது வாசகரைக் குழப்பவே செய்யும். புதிதாக எழுத நேரும் ஊர்ப் பெயர்களையாவது அவ்வூரவர் உச்சரிப்பைக் கேட்டறிந்து எழுதுவதே முறையாகும். முகவரியிலும் பயண ஆவணங்களிலும் உள்ளூர்ப் பெயரையே எழுதிக்கொள்வது நலம்.

யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் ஆங்கிலத்தில் வேறு வடிவங்களில் வழங்குவதை நாம் அறிவோம். அவ்வடிவங்களால் நமது ஊர்கள் நமக்கு அந்நியமாகிவிடவில்லை. பிறர் வழங்கும் பெயரைப் பொறுத்துக்கொள்ளலாம். ஊரவர் வழங்கும் பெயரை அறியாதிருத்தலே குறையாகும்.