ஹோவர்டு மாணவிகளின் 1913

1913 ஜனவரி 13, திங்கட்கிழமை. வாஷிங்டன் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 22 கறுப்பின மாணவிகள் சேர்ந்து டெல்டா சிக்மா தீட்டா என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். சரியாக ஏழு வாரம் கழித்து, மார்ச் 3-ம் தேதி, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு அமெரிக்கத் தலைநகரில் நடந்த பேரணியில் அந்தச் சங்கத்தினர் நடந்தார்கள். அவர்களுடைய முதல் பொதுக்காரியம் அதுதான்.

நான் இந்த ஊரில் செவிலியராக வேலை பார்க்கிறேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த செவிலியர் ஒரு டெல்டா. ஒவ்வொரு ஜனவரி 13-ம் தேதியும் சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் வருவார். அதே சங்கத்தைச் சேர்ந்த இன்னொருவரைப் பார்த்தால் “சோரர்” என்று கூப்பிடுவார். அறுபது வயதுக்காரர்கள் கல்லூரிச் சங்கத்தை இவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்வானேன் என்று எனக்கு வியப்பாக இருக்கும். அவர் சொல்லக் கேட்டும் பிறகு நானே தேடிப் படித்தும்தான் இந்த ஓராண்டின் கதை என்னிடம் வந்து சேர்ந்தது.

சொரோரிட்டி, அதாவது கல்லூரி மாணவியர் சங்கம், என்றால் நம்மில் பலருக்கு ஹாலிவுட் படங்களில் வரும் பெரிய வீடும் விருந்தும்தான் ஞாபகம் வரும். ஹோவர்டில் கதை வேறு. அடிமைமுறை ஒழிந்த கையோடு, 1867-ல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் அது. வெள்ளைக்காரப் பெண்களின் சொரோரிட்டிகள் கறுப்பினப் பெண்களைச் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், 1908 ஜனவரியில், மைனர் ஹால் என்ற மாணவியர் விடுதியில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா பிறந்தது. கறுப்பினப் பெண்கள் தங்களுக்கென்று கிரேக்க எழுத்துப் பெயரில் அமைத்த முதல் கல்லூரிச் சங்கம் அதுவே. துளசேந்திரபுரத்துக்காரர்கள் கொண்டாடும் கமலா ஹாரிஸ் 1986-ல் சேர்ந்தது இந்தச் சங்கத்தின் ஹோவர்டு கிளையில்தான்.

டெல்டாவைத் தொடங்கிய 22 பேரும் முதலில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் இருந்தவர்கள்தான். 1912 இலையுதிர் காலத்தில் மைரா டேவிஸ் அதன் தலைவியானார். பெயர், நிறம், சின்னம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், கல்லூரி மதிலுக்கு வெளியே நடப்பவற்றிலும் சங்கம் இறங்க வேண்டும் என்றார்கள் இந்தப் பெண்கள். அதற்கு முந்தைய தலைவி நெல்லி குவாண்டர் படிப்பை முடித்துவிட்டு வாஷிங்டனிலேயே ஆசிரியையாக இருந்தார். மூத்தவர்கள் கட்டியதைக் கலைக்காதீர்கள் என்று கெடு வைத்தார். இவர்கள் கேட்கவில்லை, தனியே பிரிந்தார்கள். குவாண்டரும் சும்மா இருக்கவில்லை. ஜனவரி 29-ம் தேதியே ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவைச் சட்டப்படி பதிவு செய்துவிட்டார். இதை வெறும் பெண்கள் சண்டை என்று சொல்பவர்களை நான் ஏற்கமாட்டேன். குவாண்டர் அன்று காப்பாற்றிய சங்கமும் நூறாண்டு கடந்து நிற்கிறது, 22 பேர் தொடங்கியதும் நிற்கிறது. இரண்டு பக்கமும் சங்கத்தை உயிராக மதித்ததால் வந்த பிரிவு அது.

பேரணியைப் பற்றியும் இரு தரப்புக்கும் ஒரே கவலைதான். ஏற்பாட்டாளர் ஆலிஸ் பால், தென் மாநில வெள்ளைப் பெண்கள் கோபித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று தயங்கிக்கொண்டிருந்தார். கறுப்பினப் பெண்களை ஊர்வலத்தின் கடைசியில் நிறுத்தலாம் என்ற பேச்சு அடிபட்டது. பிப்ரவரியில் நெல்லி குவாண்டர் அவருக்குக் கடிதம் எழுதினார். ஹோவர்டு மாணவிகளுக்கு எந்த இடம் என்று நேராகவே கேட்டு, இனத்தைக் காட்டி ஒதுக்குவதானால் வர விருப்பமில்லை என்றார். சிகாகோவிலிருந்து வந்த பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸிடம் பின்னால் போகச் சொன்னார்கள். அவர் மறுத்து, கூட்டத்துக்குள் நின்றிருந்து, இல்லினாய் அணி வந்தபோது அதில் புகுந்து நடந்தார்.

மார்ச் 3-ம் தேதிக்கு மறுநாள் உட்ரோ வில்சன் ஜனாதிபதியாகப் பதவியேற்க இருந்தார். அதைப் பார்க்க வந்த ஆண்கள் கூட்டம் நகரில் நிரம்பி வழிந்தது. நாடாளுமன்றப் பக்கமிருந்து கருவூலக் கட்டடம் வரை பென்சில்வேனியா அவென்யூவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் நடக்க, கூட்டம் சாலைக்குள் இறங்கி வழியை அடைத்தது. காறி உமிழ்ந்தார்கள், இடித்தார்கள், கொடிகளைப் பிடுங்கினார்கள். போலீஸ்காரர்கள் பலர் வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் குதிரைப்படை வந்துதான் வழி உண்டாயிற்று. நூறு பேர்வரை மருத்துவமனைக்குப் போனார்கள். போலீஸின் நடத்தையை விசாரிக்க செனட் குழுவே உட்கார வேண்டியதாயிற்று. வெள்ளைச் சீமாட்டிகளுக்கே இந்தக் கதி என்றால், அதே தெருவில் நடந்த கறுப்பின மாணவிகள் எதற்குத் துணிந்து வந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

கறுப்பின அறிஞர் டு போய்ஸ் நடத்திய ‘தி க்ரைசிஸ்’ இதழின் ஏப்ரல் 1913 குறிப்பில், பேரணியில் நடந்த கறுப்பினப் பெண்களின் பட்டியல் இருக்கிறது. ஹோவர்டிலிருந்து பட்டமளிப்பு அங்கியும் தொப்பியும் அணிந்து 25 பெண்கள் வந்தார்கள் என்கிறது. கலைஞர், இசைக்கலைஞர், ஆசிரியை, மருத்துவர்கள் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக்கொண்டே போய், பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரும் நடந்தார், அவர் பெயரை அறிய முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரிக்கு வரும்போதெல்லாம் நான் நின்றுவிடுவேன். ஷிஃப்ட் முடித்து வந்தாரோ, விடுப்பு எடுத்து வந்தாரோ, வேலை போகும் என்று பயந்தே பெயர் சொல்லாமல் போனாரோ?

அந்த மாணவிகள் எங்கெங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால் அவர்களுடைய துணிச்சல் இன்னும் விளங்கும். பெர்த்தா பிட்ஸ், அடிமையாக இருந்து விடுதலை பெற்ற பாட்டியிடம் கொலராடோவில் வளர்ந்தவர். அங்கே பெண்களுக்கு 1893-லேயே வாக்கு உண்டு. ஜெஸ்ஸி மக்வயர் டெக்சஸின் கால்வஸ்டனைச் சேர்ந்தவர். அங்கே தலைவரி கட்டினால்தான் வாக்கு என்ற சட்டம் கறுப்பின ஆண்களையே வாக்குச்சாவடிக்கு வரவிடாமல் செய்திருந்தது. அவர்கள் படித்த வாஷிங்டனிலோ யாருக்குமே ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது, ஆணாக இருந்தாலும் வெள்ளையராக இருந்தாலும்.

பேரணி போய் முடிந்த கருவூலத்திலேயே, வில்சனின் புதிய அரசு சில மாதங்களில் கறுப்பின எழுத்தர்களைத் தனியே பிரிக்கத் தொடங்கியது. தபால் துறையிலும் அப்படித்தான். இந்நகரத்துக் கறுப்பின நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்கு அரசு எழுத்தர் வேலையே நிலையான வருமானம். அந்த ஆண்டு பட்டம் வாங்கிய பெண்கள் காலடி வைத்த ஊர் இப்படி இருந்தது. பெர்த்தா பிட்ஸும் அந்த ஆண்டே பட்டம் பெற்றார்.

சங்கம் மட்டும் கலையவில்லை. ஹோவர்டுக்குப் பக்கத்தில், டி தெருவில் குடியிருந்த மேரி சர்ச் டெரல், கறுப்பினப் பெண்களின் தேசிய சங்கத்துக்கு 1896-ல் முதல் தலைவியாக இருந்தவர், இந்தப் பெண்களோடு சேர்ந்து நின்றார். 1914-ல் டெல்டாவின் உறுதிமொழியை எழுதிக்கொடுத்தவரும் அவர்தான். அதே ஆண்டு ஒஹையோவின் வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டாவது கிளை வந்தது.

ஜெஸ்ஸி மக்வயர் டென்ட் ஊர் திரும்பி ஆசிரியையானார். கறுப்பின ஆசிரியர்களுக்கும் வெள்ளை ஆசிரியர்களுக்கும் சம சம்பளம் வேண்டும் என்று கால்வஸ்டனில் வழக்குப் போட்டு 1943-ல் வென்றார். அந்த 22 பேரில் இன்னொருவரான ஒஸியோலா மக்கார்த்தி ஆடம்ஸ் நாடகத்துக்குப் போனார். சிட்னி பாய்ட்டியரும் ஹாரி பெலஃபான்ட்டியும் அவரிடம் நடிப்புக் கற்றவர்கள். பெர்த்தா பிட்ஸ் காம்ப்பெல் சியாட்டிலில் குடியேறினார். 1981-ல் தம் 92-வது வயதில், சுமார் 10,000 டெல்டாக்களுக்கு முன்னால் அதே பென்சில்வேனியா அவென்யூவில் மறுபடி நடந்தார்.

வாஷிங்டன்வாசிகள் ஜனாதிபதித் தேர்தலில் முதன்முதலாக வாக்களித்தது 1964-ல். நான் குடியுரிமை வாங்கி இப்போது இங்கேதான் வாக்களிக்கிறேன். ஆனால் நாடாளுமன்றத்தில் வாக்களிக்கும் உரிமையுள்ள உறுப்பினர் எங்கள் நகரத்துக்கு இன்றுவரை இல்லை.