கண்ணுக்குப் போடும் ஊசி புற்றுநோய் மருந்தா?



போன கிழமை இஷாவுக்குப் பிறகு எங்கள் தெரு ஹாஜியார் ஒருவர் என் கையைப் பிடித்துப் பள்ளி முற்றத்தின் ஓரத்துக்குக் கூட்டிப் போனார். அவருக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். கண் கிளினிக்கில் ஊசி போடத் திகதி கொடுத்திருக்கிறார்கள். பேரன் அந்த மருந்தின் பெயரைப் போனில் தேடியிருக்கிறான். பெவசிசுமாப். பெருங்குடல் புற்றுநோய் மருந்து என்று வந்திருக்கிறது.

"மாஸ்டர், உண்மையச் சொல்லுங்க. எனக்குக் கென்சரா? புள்ளைகள் மறைக்கிறாங்களா?"

கிளினிக் கொப்பியைப் பார்த்தேன். நீரிழிவால் வந்த விழித்திரை நோய் என்றுதான் இருந்தது. இல்லை ஹாஜியார் என்று அங்கேயே சொன்னேன். ஆனாலும் அவர் கேட்டது நியாயமான கேள்வி. இதே பயத்தில் கிளினிக்கை விட்டவர்கள் நம்மில் இன்னும் இருக்கலாம். அதனால் அந்த மருந்து வந்த கதையை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1960களின் தொடக்கம். அமெரிக்கக் கடற்படையில் கடமையாற்றிய ஜூடா ஃபோக்மன் என்ற இளம் வைத்தியர், இரத்தத்துக்குப் பதிலாகப் பாவிக்கக்கூடிய திரவமொன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். முயலின் தைரொய்ட் சுரப்பியை வெளியே எடுத்து, அந்தத் திரவத்தைப் பாய்ச்சி உயிரோடு வைத்து, அதற்குள் எலியின் புற்றுக்கலங்களைப் போட்டார்கள். கட்டி வளர்ந்தது. குண்டூசித் தலையளவு, ஒன்றிரண்டு மில்லிமீற்றர் வந்ததும் நின்றுவிட்டது. அதையே எடுத்து உயிருள்ள எலிக்குள் வைத்தால் பெருத்தது. வித்தியாசம் ஒன்றுதான். எலிக்குள் புதிய இரத்தக்குழாய்கள் கட்டியை நோக்கி வந்தன, வெளியே எடுத்த சுரப்பியில் வரவில்லை.

அப்படியானால் குழாய்களை யாரோ கூப்பிடுகிறார்கள். கட்டியே ஒரு இரசாயனத்தை விட்டு அவற்றைக் கூப்பிடுகிறது, அந்த அழைப்பை நிறுத்தினால் கட்டி வளராது என்று 1971இல் ஃபோக்மன் எழுதினார். பலர் ஏற்கவில்லை. காயம் பட்ட இடம் சிவப்பதைப் போல இதுவும் வெறும் அழற்சிதான் என்றார்கள். மாநாடுகளில் அவர் பேச எழும்பினால் சிலர் மண்டபத்தை விட்டு எழும்பிப் போவார்களாம். பொஸ்டன் சிறுவர் வைத்தியசாலையில் 34 வயதிலேயே தலைமைச் சத்திர சிகிச்சை நிபுணரானவர் அவர். அந்தப் பெயரோடு பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

எனக்குப் பிடித்த பரிசோதனை 1974இல் அவருடைய குழு செய்தது. கண்ணின் கருவிழிக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற படையில் இரத்தக்குழாயே கிடையாது. முயலின் கண்ணில் அந்த இடத்தில் ஒரு துண்டுப் புற்றை வைத்தார்கள். ஓரத்திலிருந்து குழாய்கள் முளைத்து அந்தத் துண்டை நோக்கி வளர்ந்து வந்தன. அதுவும் வெறும் கண்ணுக்குத் தெரியக்கூடிய இடத்தில்!

அந்த இரசாயனம் என்ன என்று கண்டுபிடிக்க இன்னும் 15 வருடம் போனது. 1983இல் பொஸ்டனில் சென்கரும் ட்வோராக்கும் குழாய்களைக் கசிய வைக்கும் ஒரு புரதத்தைக் கண்டார்கள். 1989இல் நெப்போலியோனே ஃபெராரா, மாட்டின் கபச் சுரப்பிக் கலங்களிலிருந்து குழாய்களை வளர வைக்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து வீ.ஈ.ஜி.எஃப். என்று பெயர் வைத்தார். ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே புரதம். கசிய வைப்பதும் அதுதான், வளர வைப்பதும் அதுதான்.

குழாய்க்கு எப்படி வழி தெரிகிறது? 2003இல் கெர்ஹார்ட்டும் பெட்ஷோல்ட்ஸும் எலிக்குட்டியின் விழித்திரையில் இதைப் பார்த்தார்கள். முளைக்கும் குழாயின் நுனியில் ஒரு கலம் இருக்கிறது. அது விரல் போன்ற மெல்லிய நீட்சிகளை விட்டுத் தடவும். வீ.ஈ.ஜி.எஃப். எந்தப் பக்கம் கூடவோ அந்தப் பக்கம் நகரும். கந்தூரி வீடு எங்கே என்று தெரியாவிட்டாலும் நெய்ச்சோற்று வாசம் கூடும் பக்கமாக நடக்கிறோமே, அதைப் போல. நுனிக்கலம் பெருகாது, போகும் வேலை மட்டும்தான். பின்னால் வரும் கலங்கள் பிரிந்து பெருகிக் குழாயை நீளமாக்கும்.

இனி ஹாஜியாரின் கண்ணுக்கு வருவோம். நெடுங்காலம் சீனி கூடியிருந்தால் விழித்திரையின் நுண்ணிய குழாய்கள் பழுதாகின்றன. ஒட்சிசன் கிடைக்காத பகுதி உதவி கேட்கிறது. கேட்கும் மொழி அதே வீ.ஈ.ஜி.எஃப். தான். 1994இல் இத்தகைய நோயாளிகளின் கண் திரவத்திலேயே அது கூடுதலாக இருப்பதை அயெல்லோவும் கூட்டாளிகளும் அளந்து காட்டினார்கள். கண்ணுக்கு வருவது நல்ல குழாய் அல்ல. பலமில்லாத, கசியும், உடையும் குழாய். கசிந்தால் பார்வை மங்கும். உடைந்தால் கண்ணுக்குள் இரத்தம்.

ஃபெராராவின் புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடும் பிறபொருளெதிரிதான் பெவசிசுமாப். 2004இல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. அடுத்த வருடமே மியாமியில் ரோசன்ஃபெல்ட் என்ற கண் வைத்தியர், வயதானவர்களின் விழித்திரை நோய்க்கு அதில் மிகச் சிறிய அளவைக் கண்ணுக்குள் போட்டுப் பார்த்தார். பலன் தெரிந்தது. நீரிழிவுக் கண்ணுக்கும் அப்படித்தான் வந்தது. கட்டியும் பட்டினி கிடக்கும் விழித்திரையும் ஒரே குரலில் கூப்பிடுகின்றன. அதனால்தான் மருந்தும் ஒன்று.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்த ஊசி அழைப்பை அடக்குமே தவிர, சீனி வருத்தத்தை மாற்றாது. சில வாரங்களில் அதன் வேலை முடிந்துவிடும், அதனால்தான் திரும்பத் திரும்பத் திகதி கொடுக்கிறார்கள். முதல் ஊசியோடு வெளிச்சம் வந்துவிட்டது என்று நின்றால் கண் மறுபடியும் கூப்பிடத் தொடங்கும். லேசர் வேண்டுமா, ஊசி வேண்டுமா என்பது வைத்தியர் சொல்ல வேண்டியது, என்னைப் போன்ற மாஸ்டர் அல்ல.

ஃபோக்மன் 2008 ஜனவரியில், 74 வயதில், டென்வர் விமான நிலையத்தில் மாரடைப்பால் காலமானார். அவருடைய யோசனையிலிருந்து வந்த மருந்து மனிதருக்குப் பயன்படுவதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இதையெல்லாம் சுருக்கிச் சொன்னதும் ஹாஜியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப ஊசி குத்தினா நோகுமா?" என்றார். கண் விறைக்கத் துளி மருந்து விட்டுத்தான் போடுவார்கள் என்றேன். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் போக வேண்டுமாம். நான் கூட்டிப் போகிறேன்.