அழிக்கறதுக்குன்னே செஞ்ச பலகையில் ஒரு முகம்

சிவப்புச் சட்டம், சாம்பல் கலர் திரை, கீழே ரெண்டு வெள்ளைத் திருகு. எட்ச் எ ஸ்கெட்ச்னு பேர். இடது திருகைத் திருப்பினா கோடு குறுக்கே போகும், வலது திருகுக்கு மேலும் கீழும். நம்ம பாஷையில எக்ஸ், ஒய். கவுத்துப் போட்டு ஆட்டினா எல்லாம் காலி. ஒரு வட்டம் போடறதுக்குள்ளயே தாவு தீர்ந்துடும். ஆனா இதுலயே அச்சு அசலா மனுஷ முகம் வரையற ஆளுங்க இருக்காங்க! அதுக்கு முன்னாடி, இது பொறந்த கதை.

ஆந்த்ரே கசாஞ்னு ஒரு பிரெஞ்சு எலக்ட்ரீஷியன். 1950-களின் கடைசியில, தான் வேலை பார்த்த ஆலையில ஒரு சுவிட்ச் பலகையை மாட்டிக்கிட்டிருந்தார். அதுல ஒட்டியிருந்த மெல்லிசான தாள்ல பென்சிலால கோடு போட்டா, மறுபக்கம் ஒட்டியிருந்த உலோகத் தூள்லயும் அதே கோடு தெரியுது. அவ்வளவுதான், பொம்மை ரெடி. கண்ணாடிக்கு உள்பக்கம் அலுமினியத் தூள் ஒட்டியிருக்கும். திருகோட சேர்ந்து நகர்ற ஒரு முனை அதைச் சுரண்டும். சுரண்டின இடம் கறுப்பாத் தெரியும்.

காப்புரிமைக்குக் கட்ட அவர்கிட்ட காசில்லை. ஒரு முதலீட்டாளரைப் பிடிச்சார். அவரோட கணக்காளர் ஆர்தர் கிராஞ்ஜான் பணத்தைக் கட்டப்போக, காப்புரிமையில அவர் பேரே ஏறிடுச்சு. 1959-ல நியூரம்பர்க் பொம்மைக் கண்காட்சிக்குப் போச்சு. அமெரிக்காவோட ஓஹையோ ஆர்ட் கம்பெனி உரிமையை வாங்கி 1960-ல கடைக்குக் கொண்டுவந்தாங்க. விலை 2.99 டாலர். வித்தது பத்து கோடிக்கும் மேல. ஆனா ரொம்ப வருஷம் கண்டுபிடிச்சவர்னு ஊர் சொன்னது கிராஞ்ஜானைத்தான்.

சரி, முகத்துக்கு வருவோம். இதுல பேனாவைத் தூக்க முடியாது. ஒரு கண்ணை முடிச்சுட்டு அடுத்த கண்ணுக்குப் போகணும்னா, போட்ட கோட்டு மேலயே பிசகாம திரும்பி நடந்து, மூக்கு வழியாத்தான் போகணும். நிழல் வேணும்னா நெருக்க நெருக்கமாச் சுரண்டணும். கன்ட்ரோல் இசட் கிடையாது. ஓஹையோக்காரர் ஜார்ஜ் விளாசிச், விளையாட்டு வீரர்களோட முகங்களை இப்படித்தான் வரையறார். ஒரு படத்துக்கு 70, 80 மணி நேரம். 69-வது மணியில கை வழுக்கினா? நினைச்சாலே எனக்கு வயித்தைக் கலக்குது.

முடிச்சப்புறமும் நிம்மதி இல்லை. யாராவது தூக்கி ஆட்டினா போச்சு. அதனால பின்பக்கம் திறந்தோ ஓட்டை போட்டோ மிச்சத் தூளைக் கொட்டிடுவாங்க. படம் நிக்கும். ஆனா அந்தப் பலகையில இனி எந்தக் குழந்தையும் வரைய முடியாது. ஒரு முகம் நிலைக்க ஒரு பொம்மை சாகணும்.

சரியா தப்பான்னு கேட்டா, நான் வரையறவங்க கட்சி. அழிக்கறது சுலபம், அதுக்கு ஒரு ஆட்டு போதும். கசாஞ் 2013-ல தன்னோட 86-வது வயசுல போய்ச் சேர்ந்தப்போ, இரங்கல் செய்திகள்ல அவர் பேர்தான் வந்துச்சு. அந்தப் பேரும் தானா திரும்பி வரலை. பழசைத் தோண்டின சில பேர் மெனக்கெட்டதாலதான் வந்துச்சு.