எஞ்சிய காலும் செயற்கைக் காலும்: சாக்கெட் பொருத்தம் பற்றிய ஓர் ஆய்வு

முழங்காலுக்குக் கீழே காலை இழந்த ஒருவர், செயற்கைக் கால் பெற்று நடக்கத் தொடங்கிய சில மாதங்களுக்குள் அதைக் கழற்றிச் சுவரோரம் சார்த்திவிட்டு, மறுபடியும் ஊன்றுகோலை நாடுவது நம் நாட்டில் அரிய காட்சியன்று. பாதம் சரியில்லை என்றும், கால் கனமென்றும், அவருக்கே மனத்தளர்ச்சி என்றும் காரணங்கள் பலவாறாகச் சொல்லப்படினும், பெரும்பாலும் குற்றம் குடியிருக்குமிடம், எஞ்சிய கால் நுழைந்து அமரும் சாக்கெட்டே ஆகும். அந்தச் சாக்கெட்டின் பொருத்தம் ஒருநாள் அளவெடுப்பில் முடிந்துவிடும் காரியமன்று; மாறிக்கொண்டேயிருக்கும் சரீரத்தோடு தானும் மாற வேண்டிய தொடர் சிகிச்சை அது என்பதை நிலைநாட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உள்ளங்காலின் தடித்த தோலும் அதன் அடியிலுள்ள கொழுப்புத் திண்டும் உடலின் பாரத்தைத் தாங்குவதற்கென்றே அமைந்தவை. கணைக்காலின் தோலோ அத்தொழிலுக்குப் பழகியதன்று. ஆதலால், எந்த இடம் அழுத்தம் பொறுக்கும், எந்த இடம் பொறுக்காது என்று பகுத்தறிவதே சாக்கெட் செய்பவரின் முதற்கடமை. முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாணும், முன்னெலும்பின் உட்புறச் சரிவும் பாரம் பொறுக்கும். முன்னெலும்பின் கூர்விளிம்பும், அதன் வெட்டுண்ட நுனியும், வெளிப்புறச் சிற்றெலும்பின் தலையும் பொறுக்கா. 1950-களின் இறுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் இந்தப் பாகுபாட்டையே ஆதாரமாகக் கொண்டு, சில்லுத் தசைநாணின்மேல் பாரத்தை ஏற்றும் சாக்கெட்டை வகுத்தனர். பிளாஸ்டர் அச்சில் பொறுக்கும் இடத்தைச் செதுக்கியும், பொறுக்காத இடத்தைப் பூசி உயர்த்தியும் சாக்கெட் வார்க்கும் முறை இன்றளவும் வழங்கி வருகிறது. 1980-களில் ஐஸ்லாந்தைச் சேர்ந்த ஓசூர் கிறிஸ்டின்சன், எஞ்சிய காலின்மேல் உறையாக அணியும் சிலிக்கோன் லைனரைக் கொணர்ந்தபின், பாரத்தைக் காலின் பரப்பு முழுவதிலும் பகிரும் முறையும் பரவியது. வழிகள் இரண்டாயினும் இரண்டும் வேண்டுவது, அடிமுனை உட்பட எங்கும் இடைவெளியின்றிப் பற்றும் தொடுகையே.

அத்தொடுகை குலைந்தால் விளையும் தீங்குகள் பல. மேற்புறம் இறுகி அடிமுனை தொடாதிருக்கும் சாக்கெட்டில், இரத்தமும் நிணநீரும் மேலேறித் திரும்ப வழியின்றித் தேங்க, முனை வீங்கிக் கறுத்து, நாளடைவில் தோல் மரு மருவாகத் தடித்து வெடித்து நீர் கசியும். இந்நிலையில் களிம்பு பூசுவதால் மட்டும் பெரும் பிரயோஜனமில்லை. முனைக்குத் தொடுகை தரும் சாக்கெட்டை அமைத்தாலே பெரும்பாலும் அது தணியும். செருப்புக் கடித்தால் செருப்பைத் திருத்தாமல் காலுக்கு மட்டும் மருந்திடுவது எவ்வளவு பொருந்தாதோ, அவ்வளவு பொருந்தாதது, சாக்கெட்டைப் பாராமல் ரணத்தை மட்டும் பார்க்கும் வைத்தியம்.

இனி, இவ்விஷயத்தில் தலையாய உண்மை, எஞ்சிய கால் ஒரே அளவில் நில்லாது என்பதாகும். அறுவைக்குப் பின் வீக்கம் வடிந்தும் தசைகள் மெலிந்தும் அது சுருங்கிவர, ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ கழிந்த பின்னரே ஒருவாறு நிலைபெறும்; அதன் பின்னும் காலையில் இருந்த பருமன் மாலையில் இராது. இந்தச் சுருக்கத்தை ஈடுசெய்யவே மெல்லியதும் தடித்ததுமான சாக்ஸ்களை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவிக்கிறார்கள். சாக்கெட் தளர்ந்தால் கால் அதனுள் ஆழ இறங்கி, எலும்பு நுனி அடித்தளத்தில் மோதவும், சில்லின் கீழ்விளிம்பு நெரியவும் வலியெடுக்கும். அவ்வலியை இறுக்கத்தின் வலியென்றே மயங்கி, சேர்க்க வேண்டிய சாக்ஸைக் கழற்றிவிட்டு, நோயை மேலும் வளர்த்துக்கொள்வோர் உண்டு. இதைச் சொல்லிக்கொடுப்பாரில்லாத இடத்தில், மிகச் சிறந்த சாக்கெட்டும் சில மாதங்களில் பகையாகிவிடும்.

நம் தேசத்து உஷ்ணமும் இதனோடு சேர்கிறது. காற்றுப் புகாத உறைக்குள் வியர்வை தேங்கி, தோல் ஊறி, மயிர்க்கால்கள் அழன்று கட்டிகளாகும். காலையில் கழுவினால் ஈரத்தில் ஊறிய தோல் சாக்கெட்டில் ஒட்டி உராயுமாதலால் இரவில் கழுவி நன்கு உலர்த்துவதும், மயிரை மழிக்காதிருப்பதும், சாக்ஸை நாள்தோறும் மாற்றுவதும் இதற்குரிய ஒழுக்கங்கள். நீரிழிவினால் கால் இழந்தோருக்கோ அபாயம் இரட்டிப்பாகிறது. உணர்ச்சி குன்றிய தோலில் ரணம் உண்டானாலும் வலி அறிவிக்காது. வலி செய்ய வேண்டிய காவலை, நாள்தோறும் கண்ணாடி கொண்டு முனையைப் பார்க்கும் கண்ணே செய்ய வேண்டும்.

பொருத்தத்தின் தொடக்கம் அறுவைக் கூடத்திலேயே இருக்கிறது என்பதையும் மறத்தலாகாது. முன்னெலும்பின் விளிம்பைச் சாய்த்து மழுக்கி, சிற்றெலும்பைச் சற்றுக் குறுக அறுத்து, பின்புறத்துக் கெண்டைச் சதையை முன்னே கொணர்ந்து முனைக்குப் போர்வையாக்கும் வைத்தியர், பின்னால் வரும் சாக்கெட்டுக்கு வழி வகுக்கிறார். கூரிய எலும்பையும் ஒட்டிய தழும்பையும் விட்டுச்செல்பவர், எந்தக் கைவினைஞராலும் எளிதில் தீர்க்கவொண்ணாத துயரத்தை விட்டுச்செல்கிறார்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். 1960-களின் இறுதியில் ஜெய்ப்பூரில் டாக்டர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் உருவாக்கிய ரப்பர்ப் பாதம், வெறுங்காலோடு வயலில் நடக்கவும் குந்தியமரவும் ஏழைக்கு வாய்ப்பளித்தது; 1975-இல் டி. ஆர். மேத்தா நிறுவிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி அதை இலவசமாக வழங்கியது. பலமுறை பயணம் செய்யப் பொருளற்றவருக்கு விரைவில் ஒரு கால் கிடைப்பதே பேருபகாரமன்றோ என்பது அந்த ஆட்சேபம். அந்த உபகாரத்தின் மேன்மையை இக்கட்டுரை சிறிதும் குறைத்துரைக்கவில்லை. ஆயினும், வீக்கம் வடியாத காலுக்கு முகாமில் ஒருமுறை அச்செடுத்து அளிக்கும் சாக்கெட், சுருங்கிய காலுக்குப் பொருந்தாமற் போவது தவிர்க்கவொண்ணாதது. திரும்பி வர வழியில்லாதவருக்கே, திருத்துபவர் அவரிருக்கும் மாவட்டத்தைத் தேடி வர வேண்டியது மிகவும் நியாயமாகிறது.

ஆகவே, வழங்கிய கால்களின் தொகையை வெற்றியின் அளவாகக் கொள்ளும் வழக்கம் ஒழிய வேண்டும். ஓராண்டு கழித்து எத்தனை பேர் அக்காலில் நடக்கிறார்கள் என்பதே உண்மையான கணக்கு. மாவட்ட மருத்துவமனை தோறும் சாக்கெட்டைத் திருத்தவும் மாற்றவும் வல்ல ஒருவரை அமர்த்துவதும், கால் கொடுக்கும் நாளிலேயே மறுபரிசோதனைக்குரிய நாளையும் குறித்துக் கொடுப்பதும், அரசும் தர்ம ஸ்தாபனங்களும் இனித் தாமதியாமல் மேற்கொள்ள வேண்டிய கடமைகளாகும்.