‘இங்கே வா’ முதல் ‘வுட் யூ லைக்’ வரை: மலையகத்தின் ஹோட்டல் ஆங்கிலம்

காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தின் லயத்தில், அடுப்படிக்குப் பக்கத்து ஆணியில் ஒரு நாற்பது பக்கக் கொப்பி தொங்குகிறது. அந்த வீட்டு இளைஞர் ஹோட்டலாக மாற்றப்பட்ட ஒரு பழைய பங்களாவில் உணவு பரிமாறுகிறார். கொப்பியில் இருப்பதெல்லாம் தமிழ் எழுத்தில் எழுதப்பட்ட ஆங்கிலம். முதல் வரி: ‘குட் மோர்னிங் சேர், டிட் யூ ஸ்லீப் வெல்?’

“அக்கா, எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுக்கு நேரமில்லைங்க. சத்தத்த அப்படியே எழுதி வச்சிக்கிட்டேன். பெரட்டுக்குப் போற அம்மாகூட இப்ப ரெண்டு மூணு வசனம் சொல்லுவாங்க” என்றார்.

என்னுடைய குடும்பமும் இந்தப் பக்கத்தில் இருந்து போனதுதான். 1977 வன்செயலுக்குப் பிறகு அம்மம்மாவும் தாத்தாவும் அட்டனை விட்டு வன்னிக்குப் போனார்கள். நான் பிறந்ததும் வளர்ந்ததும் கிளிநொச்சியில். 2009இல் முட்கம்பிக்குள் நின்றபோது என் காதில் அதிகம் விழுந்த ஆங்கிலம் ‘கியூ’, ‘டோக்கன்’, ‘நெக்ஸ்ட்’. அதில் எந்தச் சொல்லும் நாங்கள் சொல்வதற்கானது அல்ல. எல்லாம் நாங்கள் கேட்டு நடப்பதற்கானவை. அதனால்தான் அந்தக் கொப்பியை என்னால் புரட்டாமல் இருக்க முடியவில்லை. ஒரு மொழியை யார், எதற்காக, எந்தப் பக்கத்திலிருந்து படிக்கிறார்கள் என்பது எங்களுக்குச் சின்ன விடயம் இல்லை.

இந்தக் கட்டுரை ஹோட்டலில் வேலை செய்யும், அல்லது செய்ய நினைக்கும் இளைஞர் யுவதிகளுக்கானது. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் விருந்தினர் விடுதிகளில் வேலை செய்பவர்களுக்கும் இது பொருந்தும்.

துரைமார் படித்த தமிழ்

மலையகத்தில் சொற்றொடர்க் கையேடுகள் புதியவை அல்ல. முன்பு அவை எதிர்ப்பக்கத்தில் இருந்து வந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தோட்டத்துக்குப் புதிதாக வரும் சின்னத்துரைமாருக்காகக் கொழும்பில் ஒரு சட்டைப்பைத் தமிழ்க் கையேடு அச்சானது. அதன் பெயரே ‘இங்கே வா’. 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பவர் எழுதிய நூலின் பெயர் ‘கூலித் தமிழ்’.

பெயர்களே போதும். ‘இங்கே வா’ என்பதில் ‘ங்க’ இல்லை. வீட்டுக்கு வருபவரை மலையகத்தில் ‘வாங்க’ என்போம், வடக்கில் ‘வாங்கோ’ என்போம். அந்த ஒரு அசையில்தான் எங்கள் மரியாதை இருக்கிறது. துரைமாருக்கு அது தேவைப்படவில்லை.

இன்று அதே பங்களாக்களில் பலவும் ஹோட்டல்களாகிவிட்டன. 2005இல் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள துரைமார் பங்களாக்கள் ‘சிலோன் டீ டிரெயில்ஸ்’ என்ற பெயரில் விடுதிகளாகத் திறக்கப்பட்டன. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலை 1990களில் ஹோட்டலானது. நுவரெலியாவின் கிராண்ட் ஹோட்டல் 1891இல் இருந்து இயங்குகிறது. கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கெல்லாம் தேநீர் பரிமாறுகிறார்கள். இப்போது கையேடு அவர்கள் கையில். ஆனால் அதில் அவர்கள் தேடுவது, அன்று துரைமார் விட்டுவிட்ட அந்த ‘ங்க’வின் ஆங்கில வடிவத்தைத்தான்.

மரியாதை எங்கே உட்காருகிறது?

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது: வாங்க, இருங்க, சாப்பிடுங்க. ஆங்கில வினைச்சொல்லுக்கு அப்படியொரு வால் கிடையாது. அங்கே மரியாதை வசனத்தின் தலையில் உட்காருகிறது: ‘வுட் யூ’, ‘மே ஐ’, ‘குட் யூ’.

இதை அறியாமல் ‘என்ன வேணுங்க?’ என்பதை அப்படியே மாற்றினால் ‘வட் டு யூ வோன்ட்?’ என்று வரும். சொல்பவர் மனதில் பணிவு இருக்கும், கேட்பவர் காதில் அது அதட்டலாக விழும். ‘வட் வுட் யூ லைக்?’ என்று கேட்க வேண்டும். ‘உக்காருங்க’ என்பதற்கு ‘சிட்’ போதாது, ‘ப்ளீஸ் ஹாவ் அ சீட்’ என்பதே சரி. ‘இல்லைங்க’ என்பதற்கு வெறும் ‘நோ’ வேண்டாம். ‘ஐ அம் சொரி, வீ டோன்ட் ஹாவ் தட் டுடே’ என்று சொல்லி, பக்கத்திலேயே இருப்பதையும் சொல்லுங்கள்.

இன்னொன்று தலையாட்டல். நாங்கள் பக்கவாட்டில் தலையாட்டினால் ‘சரி’ என்று பொருள். வெளிநாட்டவர் பலருக்கு அது ‘இல்லை’ போலத் தெரியும். வாயால் ‘யெஸ், ஒஃப் கோர்ஸ்’ என்று சொல்லிவிடுவது நல்லது.

மேசையில்

நாளாந்தம் தேவைப்படும் வசனங்கள் பத்துக்கு மேல் இல்லை.

‘மே ஐ டேக் யுவர் ஓடர்?’ – என்ன கொண்டு வரட்டும்?

‘ஸ்டில் ஓர் ஸ்பார்க்லிங் வோட்டர்?’ – சாதாரணத் தண்ணீரா, வாயு கலந்த தண்ணீரா?

‘ஹவ் ஸ்பைசி வுட் யூ லைக் இட்?’ – உறைப்பு எவ்வளவு இருக்கலாம்?

‘ஆர் யூ அலர்ஜிக் டு எனிதிங்?’ – உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத உணவு ஏதும் உண்டா?

‘லெட் மீ செக் வித் த கிச்சன்’ – குசினியில் கேட்டுச் சொல்கிறேன்.

கடைசி இரண்டும்தான் முக்கியம். கச்சானோ இறாலோ ஒத்துக்கொள்ளாத ஒருவருக்கு ஒரு கரண்டி உணவே உயிராபத்து ஆகலாம். தெரியாவிட்டால் ‘யெஸ்’ என்று தலையாட்டி வைக்காதீர்கள். எங்கள் தேங்காய்ச் சம்பலில் பலரும் மாசிக் கருவாடு சேர்ப்பார்கள். பார்வைக்கு அது மரக்கறி உணவு, ஆனால் ‘வெஜிடேரியன்’ என்று சொன்னவர் அதைச் சாப்பிட மாட்டார். ‘வீகன்’ என்றால் பால், தயிர், நெய், முட்டையும் கூடாது. ‘குளூட்டன்’ ஆகாது என்பவருக்குக் கோதுமை மா ரொட்டி ஆகாது, அரிசிமா இடியப்பம் கொடுக்கலாம். அதிலும் கோதுமை மா கலந்திருக்கிறதா என்று முதலில் குசினியில் கேளுங்கள்.

எங்கள் நாட்டு ஆங்கிலம் சிலவும் வெளியே செல்லாது. ‘பிளேன்டீ’ என்றால் விருந்தினருக்கு விளங்காமல் போகலாம், அவர்களுக்கு அது ‘பிளக் டீ’. ‘ஷோர்ட் ஈட்ஸ்’ என்றால் புருவம் உயரும், ‘ஸ்நாக்ஸ்’ என்று சொல்லலாம். ‘மட்டன்’ என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் ஆட்டிறைச்சி, அவர்களுக்கு அது செம்மறி. ‘ஹோட்டல்’ என்று நாங்கள் சாப்பாட்டுக் கடையையும் சொல்வோம், அவர்கள் அங்கே கட்டிலைத் தேடுவார்கள்.

உச்சரிப்பில் ஓர் எச்சரிக்கை. தமிழ் நாக்குக்கு ‘ஃப’ இயல்பாக வராது. ‘ஃபோர்க்’ என்ற முள்ளுக்கரண்டி ‘போர்க்’ ஆகிவிட்டால் அது பன்றி இறைச்சி. ஒரு முஸ்லிம் குடும்பத்திடம் ‘வேண்டுமா?’ என்று அதைக் கேட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மேற்பற்களால் கீழுதட்டை மெதுவாகத் தொட்டு ஊதினால் அந்த ஒலி வந்துவிடும். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ குழப்பத்துக்கு ஒரே மருந்து, விலையைத் தாளில் எழுதிக் காட்டுவது.

அறையில்

கதவைத் தட்டி ‘ஹவுஸ்கீப்பிங்’ என்று சொல்லி, பதில் வரும்வரை நில்லுங்கள். ‘மே ஐ கம் இன்?’ அல்லது ‘ஷல் ஐ கம் பாக் லேட்டர்?’ என்பது அடுத்தது. நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1,800 மீற்றருக்கு மேல் இருக்கிறது. வெயில் தீவு என்று நம்பி வந்தவர்கள் இரவில் நடுங்குவார்கள். ‘வுட் யூ லைக் அன் எக்ஸ்ட்ரா பிளாங்கெட்?’ என்ற ஒரு கேள்விக்கு அங்கே பெரிய மதிப்பு உண்டு.

போர்த்துக்கேய மொழி பேசுபவர் வந்தால்

கொப்பி வைத்திருந்த தம்பியை ஒருமுறை திகைக்க வைத்தது போர்த்துக்கலில் இருந்து வந்த ஒரு குடும்பம். அவர்களுக்கும் ஆங்கிலம் இரவல் மொழிதான். இருபக்கமும் தடுமாறியபோது அவர்களின் சின்னப் பிள்ளை மேசையைத் தட்டி ‘மேசா’ என்றது. “நம்ம பாசை பேசுறாங்களேனு நெனைச்சேன் அக்கா” என்றார் அவர்.

உண்மை அதற்கு மறுபக்கம். போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள், 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார்கள், 1658இல் ஒல்லாந்தரிடம் தோற்று வெளியேறினார்கள். சொற்கள் மட்டும் எங்கள் வீடுகளில் தங்கிவிட்டன. மேசை, பாண், கோப்பை, பீரிசு, குசினி, யன்னல், அலுமாரி, துவாய், சாவி, வராந்தா, அன்னாசி எல்லாம் அவர்கள் மொழியில் இருந்து வந்தவை. சாவியை வடக்கில் ‘திறப்பு’ என்கிறோம், மலையகத்தில் ‘சாவி’ இன்றும் நிற்கிறது. போர்த்துக்கேய விருந்தினர் ‘ஷாவ்’ என்று சொன்னால் தயங்காமல் சாவியைக் கொடுக்கலாம். ‘கோப்பு’ என்றால் மட்டும் தேநீர்க் கோப்பையைக் கொடுத்துவிடாதீர்கள். அவர்களுக்கு அது கண்ணாடிக் கிளாஸ். ‘ஷா’ என்று கேட்டால் அதுதான் தேநீர். சீனாவின் மக்காவு வழியாகத் தேயிலையை அறிந்த அவர்களிடம் ‘ஷா’ இருக்கிறது. தென்சீனத் துறைமுகமான அமோயின் ‘தே’ ஒல்லாந்தர் வழியாக ஐரோப்பாவில் பரவியது. எங்கள் ‘தேயிலை’யின் முதல் எழுத்தும் அந்த ‘தே’தான்.

அவர்களுடைய ஆங்கிலத்தில் சில பொறிகள் உண்டு. போர்த்துக்கேயத்தில் ‘புஷ்’ போல ஒலிக்கும் சொல்லுக்கு ‘இழு’ என்று பொருள். கதவில் ‘புஷ்’ என்று எழுதியிருந்தும் அவர்கள் இழுத்துக்கொண்டு நின்றால் சிரிக்காமல் திறந்துவிடுங்கள். அவர்கள் மொழியில் ‘லன்ஷ்’ என்பது சிற்றுண்டி. மாலை நான்கு மணிக்கு ‘லன்ச்’ கேட்டால் சோறும் கறியும் போட்டுவிடாமல், ‘அ ஸ்நாக்?’ என்று கேட்டு உறுதி செய்யுங்கள். போர்த்துக்கல்காரர் ஒருவர் ‘கொன்ஸ்டிபேட்டட்’ என்றால் மலச்சிக்கல் என்று நினைத்துப் பப்பாசிப் பழம் கொடுக்க வேண்டாம். அவர் மொழியில் அது தடிமன். இஞ்சித் தேத்தண்ணி போதும். பிரேசில்காரர் பேச்சில் சொல்லின் தொடக்கத்து ‘ர’ பல வேளை ‘ஹ’ போல விழும், ‘ரைஸ்’ அங்கே ‘ஹைஸ்’.

போர்த்துக்கேயர் ஓர் உதாரணம் மட்டுமே. ரஷ்யர், ஜெர்மனியர், பிரான்சியர், சீனர் என்று மலைக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. அவர்களும் வீட்டில் ஒரு கொப்பியில் எழுதிப் பழகி வந்தவர்களாக இருக்கலாம். எனவே ஆங்கிலம் தடுமாறுவதற்காகத் தலைகுனிய ஒன்றுமில்லை. குறுகிய வசனம், நிதானமான வேகம், கடைசியில் ஒரு மறுகேள்வி. இவ்வளவும் இருந்தால் போதும்.

கொப்பியில் இல்லாத பக்கம்

அந்தக் கொப்பியை முழுவதும் புரட்டினேன். வரவேற்க, கேட்க, பரிமாற, மன்னிப்புக் கேட்க, வழியனுப்ப வசனங்கள் இருந்தன. மறுப்பதற்கு ஒரு வசனமும் இல்லை. பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லையாம். லயத்துப் பிள்ளைகள் ‘பணிவானவர்கள்’ என்று பாராட்டப்படும்போது, அந்தப் பாராட்டுக்குள் ‘இங்கே வா’ ஒளிந்திருக்கிறதா என்று நாங்கள் கேட்டே ஆக வேண்டும்.

கடைசிப் பக்கத்தில் நானும் அவரும் உட்கார்ந்து சில வசனங்களைச் சேர்த்தோம்.

‘குட் யூ ஸ்பீக் மோர் ஸ்லோலி, ப்ளீஸ்?’ – கொஞ்சம் மெதுவாகப் பேசுவீர்களா?

‘ஐ அம் சொரி, ஐ கான்ட் டூ தட். ஐ வில் கோல் மை மனேஜர்’ – அதை என்னால் செய்ய முடியாது, முகாமையாளரை அழைக்கிறேன்.

‘ப்ளீஸ் டோன்ட் டச் மீ’ – என்னைத் தொடாதீர்கள். அறை துப்புரவு செய்யும் யுவதிகள் முதலில் படிக்க வேண்டியது இதுதான். சொல்லிவிட்டு, கதவைத் திறந்து வைத்தபடி வெளியே வந்துவிடுங்கள்.

‘ப்ளீஸ் ஆஸ்க் பிஃபோர் டேக்கிங் ஃபோட்டோஸ்’ – படம் எடுக்க முன் கேளுங்கள். மலையில் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கும் இது உதவும்.

முதலாளியிடம் தமிழிலேயே கேட்க வேண்டியவையும் உண்டு. நியமனக் கடிதம் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கப்பட்டால், முதலாளி தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 வீதத்தை முதலாளி மட்டுமே செலுத்த வேண்டும். பற்றுச்சீட்டில் 10 வீத சேவைக் கட்டணம் அறவிடப்பட்டால், அதில் பணியாளருக்கு எவ்வளவு, எப்போது பகிரப்படும் என்று வேலைக்குச் சேரும் நாளிலேயே கேட்டு எழுதி வையுங்கள். பதில் கிடைக்காவிட்டால் பக்கத்து தொழில் அலுவலகத்துக்குப் போகலாம். தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி, தமிழில் முறையிட உங்களுக்கு உரிமை உண்டு.

நான் கிளம்பும்போது அவருடைய அம்மா மலையிலிருந்து வந்து, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தார். மகன் சிரித்துக்கொண்டே கொப்பியைப் பார்த்து ‘ப்ளீஸ் ஹாவ் அ சீட்’ என்றார். அம்மா ஒரு நிமிடம் அவரைப் பார்த்துவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்தார்.

“இதத்தான் அங்க வெள்ளக்காரங்ககிட்ட சொல்றியா?”

“ஆமாம்மா.”

“நல்லாத்தான் இருக்கு” என்றார் அம்மா. “என்னைய யாரும் இப்படிச் சொன்னதில்ல.”